அகலத்தை அளந்தேன், ஆழத்தை மறந்தேன்: சின்ன மேசையில் பெரிய மானிட்டர் வைத்தவர்களின் அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மூலைமேசை:

பெரிய மானிட்டர் வாங்கும்போது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், டேப்பை எடுத்து மேசையின் அகலத்தை அளந்தேன். 100 செ.மீ. இருந்தது. 32 இன்ச் மானிட்டரின் திரை மட்டும் கிட்டத்தட்ட 71 செ.மீ. அகலம், ஓரச் சட்டத்தையும் சேர்த்தால் ஒன்றிரண்டு கூடும், அப்படியும் தாராளமாக உட்காரும் என்று ஆர்டர் போட்டுவிட்டேன். அளக்காமல் விட்டது மேசையின் ஆழம், அதாவது சுவரிலிருந்து என் வயிறு வரைக்கும் உள்ள தூரம். அது 50 செ.மீ.தான்.

பெட்டியைப் பிரித்து நிறுத்திய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஸ்டாண்டின் கால்களே 24 செ.மீ. ஆழம். பின்பக்கம் சுவரில் முட்டும் அளவுக்குத் தள்ளினாலும் திரையின் முகம் சுவரைவிட்டு 15 செ.மீ. முன்னால் வந்து நின்றது. கீபோர்டு அந்தக் கால்களுக்கு நடுவில் பாதி நுழைந்து கிடந்தது. என் கண்ணுக்கும் திரைக்கும் 45 செ.மீ. இருந்தால் அதிகம். அந்தத் தூரத்தில் 71 செ.மீ. அகலமான திரை கண் முன்னால் 75 டிகிரிக்கு மேல் விரிகிறது, கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கிற அளவல்ல அது. வலது கீழ் மூலையில் மணி பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். மெயில் வந்ததென்று ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சின்னப் பெட்டியை ஒரு வாரம் நான் கவனிக்கவே இல்லை. பத்து நாளில், என்னை அறியாமலே எல்லா விண்டோவையும் நடுவில் இழுத்து வைத்து வேலை செய்யப் பழகியிருந்தேன். 32 இன்ச் வாங்கி அதன் நடுவில் 24 இன்ச் பயன்படுத்திக்கொண்டிருந்தேன், மிச்சமெல்லாம் வால்பேப்பர்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. திரைப் பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு, என்னுடையது விஏ பேனல். கறுப்பு நன்றாகக் கறுப்பாகத் தெரியும், படம் பார்க்க அருமை. ஆனால் இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தால் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் நாம் சாய்வாகத்தான் பார்க்கிறோம், அங்கே நிறம் வெளிறிப் போகிறது. ஒரே சாம்பல் நிறப் பக்கத்தைத் திறந்து வைத்துத் தலையை அசைத்தால் அந்த வெளிறலும் கூடவே நகரும். ஐபிஎஸ்ஸில் இது ரொம்பக் குறைவு. கிட்ட உட்கார வேண்டிய இடமென்றால் ஐபிஎஸ்ஸே எடுங்கள், கறுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திருப்பி அனுப்பும் தேதியும் போய்விட்டது. கடைசியில் ஸ்டாண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்னால் இருக்கிற நான்கு திருகுத் துளைகளில் (வேசா என்பார்கள், எனக்கு 100×100 மி.மீ., சிலவற்றில் 75×75 வரும்) தட்டையான பிராக்கெட் மாட்டிச் சுவரிலேயே தொங்கவிட்டேன். இப்போது திரை சுவரிலிருந்து 7 செ.மீ.தான். அதிலும் ஒரு வம்பு, எச்டிஎம்ஐ துளை கீழ்நோக்கி இல்லாமல் நேராகப் பின்பக்கம் பார்த்தபடி இருந்தது, கேபிளின் தலை சுவரில் இடித்தது. 90 டிகிரி வளைந்த கனெக்டர் ஒன்று தேடி வாங்க வேண்டியதாயிற்று. அப்புறம் மேசையையும் சுவரைவிட்டு 15 செ.மீ. முன்னால் இழுத்துப் போட்டேன். திரை நகராது, நான் மட்டும் பின்னால் போகிறேன், கண்ணுக்கு 68 செ.மீ. கிடைத்தது. பேனா விழுந்தால் அந்தச் சந்தில் போய்விடும், நாற்காலி கட்டிலில் இடிக்கிறது, ஆனால் கழுத்து வலி நின்றது.

நேர்மையாகச் சொன்னால் 27 இன்ச்சே எனக்குப் போதும். 60 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம். இதைச் சுவரில் ஆணி அடித்த பிறகு சொல்கிறேன்.

கிளாம்ப்:

சுவரில் துளை போட முடியாத வாடகை வீடு என்னுடையது, அதனால் ஆர்ம் வாங்கினேன், மேசை விளிம்பில் கிளாம்ப்பால் கவ்வி மானிட்டரைத் தாங்குகிற மடக்குக் கை அது. ஆர்ம் வாங்கினால் இடம் மிச்சம் என்று சொல்கிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: ஆர்ம் மடங்கும்போது அதன் முழங்கை பின்னால் போகும். மேசை சுவரை ஒட்டி இருந்தால் அந்த முழங்கைக்கு இடமே இல்லை. நடுவில் மாட்டியபோது ஸ்டாண்டில் இருந்ததைவிட மானிட்டர் இன்னும் முன்னால் வந்து நின்றது, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பிறகு கிளாம்ப்பை மேசையின் இடது மூலைக்கு மாற்றினேன், இப்போது ஆர்மின் இரண்டு துண்டும் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் மடங்குகின்றன.

என் மேசை மரத்தூள் பலகை. கிளாம்ப்பை இறுக்கும்போது நறநறவென்று ஒரு சத்தம், கழற்றிப் பார்த்தால் அரை விரல் ஆழத்துக்குக் குழி. கீழேயும் மேலேயும் இரும்புத் தகடு வைத்துத்தான் இறுக்க வேண்டும், இதற்கென்றே தனியாக விற்கிறார்கள்.

இன்னொரு கூத்து. கேஸ் ஸ்பிரிங் ஆர்முக்கு (உள்ளே வாயு அழுத்தத்தால் எடையைத் தாங்குகிற வகை) அதிகபட்ச எடை இருப்பது போலக் குறைந்தபட்ச எடையும் உண்டு. என் மானிட்டர் ஸ்டாண்டு இல்லாமல் எடை கம்மி, கையை எடுத்ததும் மெதுவாக மேலே எழும்பிப் போய்விடும். ராத்திரி கண்ணுக்கு நேராக வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் ஒரு சாண் உயரத்தில் இருக்கும். கூட வந்த ஆலன் கீயால் டென்ஷன் திருகைத் தளர்த்தித் தளர்த்தித்தான் நிறுத்தினேன்.

பழையடிவி:

நான் மானிட்டரே வாங்கவில்லை, 43 இன்ச் 4கே டிவியைத் தூக்கி மேசையில் வைத்தேன். கால்கள் இரண்டும் இரண்டு கோடியில் இருக்கிற மாடல், மேசையின் விளிம்பில் அரை இன்ச்தான் மிச்சம், பூனை வந்தால் கதை முடிந்தது. எழுத்து வேறு மங்கலாக இருந்தது, அதிலும் கறுப்பில் சிவப்பு எழுத்தென்றால் கொழகொழவென்று. டிவி நிறத் தகவலை 4:2:0 என்று பாதிப் பாதியாகக் குறைத்து வாங்கிக்கொள்வதுதான் காரணம், செட்டிங்கில் போய் அந்த இன்புட்டுக்குப் ‘பிசி’ என்று பெயர் மாற்றியதும் 4:4:4, அதாவது குறைக்காத முழு நிறம் ஆகி எழுத்து பளிச்சென்று வந்தது. என் டிவியில் இது வேலை செய்தது, எல்லா டிவியிலும் இந்த வசதி இருக்காது. எப்படியும் 95 செ.மீ. அகலத் திரையை அறுபது செ.மீ. தூரத்தில் வைத்துக்கொண்டு டென்னிஸ் ஆட்டம் பார்ப்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் டிவி பழைய இடத்துக்கே போனது.

புள்ளிக்கணக்கு:

அளவு ஒரு பக்கம், ரெசல்யூஷனை, அதாவது திரையில் எத்தனை புள்ளி (பிக்சல்) என்பதை யாரும் சொல்லவில்லையே. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். 27 இன்ச்சில் 1080பி (1920×1080 பிக்சல்) எடுத்தால் ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்தான், கிட்ட உட்கார்ந்தால் எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு தெரியும். அதே 27இல் 1440பி (2560×1440) என்றால் 109. இடம் சின்னதாக இருக்கிறவர்கள் கிட்டத்தில்தான் உட்காருவார்கள், அதனால் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் பிக்சல் நெருக்கம் அதிகம் தேவை.

4கே எடுத்தால் வேலை செய்ய இடம் நிறையக் கிடைக்கும் என்று நம்பி 27இல் 4கே எடுத்தேன். இன்ச்சுக்கு 163 பிக்சல், எழுத்து எறும்பு அளவு. எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாகக் காட்டும் 150 சதவீத ஸ்கேலிங் வைத்தால்தான் படிக்க முடிந்தது. 4கேயின் அகலமான 3840 பிக்சலை ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள், 2560 வரும். அதாவது 1440பி மானிட்டரில் கிடைக்கிற அதே இடம்தான். எழுத்து அச்சடித்தது போல இருக்கிறது, அதற்காக வருத்தமில்லை, ஆனால் எக்செல்லில் ஒரு வரிசைகூடக் கூடவில்லை.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எச்டிஎம்ஐ 1.4 துளையாக இருந்தால் 4கே 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 படம்தான் வரும், மவுஸ் சேற்றில் நடப்பது போல இருக்கும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். நான் மானிட்டரைத் திட்டிக்கொண்டு இரண்டு கேபிள் மாற்றிப் பார்த்தேன், குற்றவாளி லேப்டாப்.

இரட்டைக்கண்ணாடி:

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எங்கே போனாலும் சொல்கிறார்கள், நானும் இரண்டு தடிப் புத்தகத்தை அடியில் வைத்து உயர்த்தினேன். எனக்குப் புரோகிரஸிவ் கண்ணாடி. கிட்டப் பார்க்கிற பகுதி லென்ஸின் கீழ்ப்பாதியில் இருக்கிறது, அதனால் மேலே உள்ள வரியைப் படிக்க முகவாயைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு மாதம் பிடரி வலி. “ஏம்மா, யாரையோ முறைக்கிற மாதிரியே உட்கார்ந்திருக்கே?” என்று அக்கா கேட்டபோதுதான் உறைத்தது. புத்தகத்தை எடுத்தேன், ஸ்டாண்டையும் அடிமட்டத்துக்கு இறக்கினேன், சரியாகிவிட்டது. வாங்கும்போது உயரம் மாற்ற முடியாத ஸ்டாண்டு வந்தால் தள்ளிவிடுங்கள், சாய்க்க மட்டும் முடிகிற ஸ்டாண்டில் நான் செய்ததைச் செய்ய முடியாது.

அலமாரிக்கதவு:

இதையெல்லாம் படித்த பிறகு வாங்கவே பயமாக இருக்கிறது. என் மேசை 55 செ.மீ. ஆழம், மேலே புத்தகத் தட்டு, மேசையிலிருந்து தட்டுக்கு 48 செ.மீ. உயரம். 34 இன்ச் அல்ட்ராவைட் (வழக்கத்தைவிட அகலமான திரை) உயரம் குறைவு என்கிறார்களே, அது சரிப்படுமா? வாங்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

மூலைமேசை:

34 அல்ட்ராவைட் 80 செ.மீ. அகலம், உயரம் 27 இன்ச்சைப் போலத்தான், தட்டுக்குக் கீழே நுழையும், ஆனால் லேப்டாப்பைப் பக்கத்தில் திறந்து வைக்கிற பழக்கம் இருந்தால் அதற்கு இடம் இருக்காது. நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஏதாவது பெரிய பெட்டியின் அட்டையை 27 இன்ச்சின் அளவுக்கு, 60க்கு 34 செ.மீ. என்று வெட்டுங்கள், ஸ்டாண்டு எவ்வளவு ஆழமோ அதில் பாதிக்கு மேல் சுவரிலிருந்து தள்ளி, மேசையில் நிற்க வையுங்கள், பின்னால் நான்கு புத்தகம் முட்டுக் கொடுத்தால் நிற்கும். இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பாருங்கள். நான்கு மூலையிலும் சின்ன எழுத்தில் ஏதாவது எழுதி வையுங்கள், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் படிக்க முடிகிறதா பாருங்கள்.

அலமாரிக்கதவு:

வெட்டி வைத்தேன். மூலையெல்லாம் படிக்க முடிகிறது, தட்டும் இடிக்கவில்லை. பீரோவைத் திறந்தால் கதவு அட்டையின் வலது ஓரத்தைத் தட்டிச் சாய்க்கிறது, காலையிலிருந்து மூன்று முறை நிமிர்த்திவிட்டேன். கத்தரிக்கோல் எடுத்திருக்கிறேன், 24 இன்ச்சுக்கு 53க்கு 30தானே?