பொங்கல் கிழமை, வீட்டிலை 15 பேர்: மோட்டர், ரொயிலற், அரியதரம்

கிணத்தடி (கோண்டாவில், யாழ்ப்பாணம்):
தைப்பொங்கலுக்குக் கொழும்பிலையிருந்தும் கனடாவிலையிருந்தும் ஆக்கள் வந்து நிக்கினம். தண்ணி மோட்டர் ஓடுது, ஆனால் டாங்கிக்குத் தண்ணி ஏறேல்லை. கிணறு நிரம்பித்தான் கிடக்கு. ரொயிலற்றிலை தண்ணி ஊத்தினால் மெல்ல மெல்லத்தான் இறங்குது. அரியதரம் (அரிசிமாவும் சீனியும் சேர்த்துச் சுடுற பலகாரம்) எண்ணெய்க்குள்ளை போட்டதும் கரைஞ்சு பிரியுது. காலமையிலை ரிப் சுவிட்சும் (மின் கசிவு இருந்தால் கரண்டை வெட்டுற சுவிட்ச்) விழுது. வேலையாக்களைப் பொங்கல் முடியத்தான் பிடிக்கலாம். நாங்களாய் எதைப் பாக்கலாம்?

பனங்கூடல்:
முதல் மோட்டரை நிப்பாட்டுங்கோ. தண்ணியில்லாமல் ஓடினால் உள்ளுக்கை இருக்கிற சீல் கருகிப் பிறகு அதாலையே ஒழுகும்.

கிணறு நிரம்பியிருக்கேக்கை ஆழம் காரணமில்லை. ஃபுட் வால்வு (கிணத்துக் குழாயின்ரை அடியிலை, தண்ணி திரும்பி இறங்காமல் தடுக்கிற வால்வு) பிழைச்சிருக்கும், இல்லாட்டி எங்கையோ காத்துப் பிடிக்குது. மோட்டருக்கு மேலை இருக்கிற மூடியைக் கழட்டிக் குமிழி நிக்குமட்டும் தண்ணி விடுங்கோ. உடனை மூடாமல் அஞ்சு நிமிசம் பாருங்கோ. மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வுதான்: இலைச் சருகு அல்லது மணல் சிக்கி மூடாமல் நிக்கும். குழாயை ஒரு முழம் தூக்கித் தண்ணிக்குள்ளையே நாலைஞ்சு தரம் உலுப்பினால் கனதரம் விடும்.

மட்டம் அசையாமல் நிண்டும் தண்ணி வரேல்லை எண்டால், கிணத்துப் பக்கத்துக் குழாயிலை உள்ள மூட்டுகளைப் பாருங்கோ. ஓடேக்கை அந்தப் பக்கம் வெளியிலை ஒழுகாது, காத்தைத்தான் உள்ளுக்கு இழுக்கும். அதாலை ஈரம் தெரியாது. கழட்டிப் புது ரெப்லோன் ரேப் சுத்தி இறுக்குங்கோ.

கிணத்தடி:
நன்றி அண்ணை. மட்டம் இறங்கினது. உலுப்பின பிறகு ஏறுது. ரொயிலற்?

மாரிமழை:
மற்ற ரொயிலற், குளியலறைத் தண்ணி ஒழுங்காய்ப் போகுதோ? அவை போய் இது மட்டும் மந்தமெண்டால் அடைப்பு. பிளஞ்சரை (ரப்பர் கிண்ணம் பூட்டின தடி) தண்ணிக்கு அடியிலை வைச்சு, காத்து உள்ளுக்குப் போகாமல் பத்துப் பதினைஞ்சு தரம் அமத்தி இழுங்கோ. குழந்தைப்பிள்ளையள் நிக்கிற வீடெண்டால் ஈரத் துடைப்பான் தாளை ஆரும் உள்ளை போட்டவையோ எண்டு கேளுங்கோ. அது கரையாது.

எல்லாம் மந்தமெண்டால் கதை வேறை. ஐப்பசியிலையிருந்து மார்கழி வரைக்கும் பெஞ்ச மழையாலை நிலத்தடித் தண்ணி மேலை நிக்குது. எங்கடை சுண்ணாம்புக்கல் நிலத்திலை கிணத்து மட்டம் ஏறினால் ஊறல் குழியை (மலக்குழித் தண்ணி நிலத்துக்குள்ளை ஊறிப் போற குழி) சுத்தின மட்டமும் ஏறும். குழிக்குள்ளை போற தண்ணிக்கு ஊற இடமில்லை. கோடையிலை நாலு பேருக்குப் பிரச்சினை தராத குழி, தையிலை 15 பேரைத் தாங்காது. மலக்குழியை உறிஞ்சுவிச்சாலும் ஊறல் குழித் தண்ணி திரும்பி வந்தால் கெதியிலை நிரம்பும். மண்ணுக்குள்ளை புதைச்ச பிளாஸ்ரிக் குழியெண்டால் வெறுமையாக்கினவுடனை மேலை மிதந்து கிளம்பவும் கூடும்.

இப்போதைக்குச் செய்யிற வேலை, குழிக்குப் போற தண்ணியைக் குறைக்கிறதுதான். குளியல், உடுப்புத் தோய்க்கிற தண்ணி அதுக்குள்ளை போனால் வெளியிலை திருப்பி வாழைப் பாத்திக்கு விடுங்கோ. கிணத்துப் பக்கம் விடாதேங்கோ. அசிட் ஊத்தச் சொல்லுவினம், கேளாதேங்கோ. கழிவைச் செமிப்பிக்கிற கிருமியள்தான் சாகும். அதோடை இந்த நிலத்திலை கல்லு வெடிப்புகளாலை கழிவு கிணத்துக்கும் போகும். குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடுங்கோ. வெளியூர்ப் பிள்ளையளுக்குக் கட்டாயம்.

சுன்னாகம் அக்கா:
அரியதரத்துக்கு நான் வாறன். ஒரு கிலோ பச்சையரிசிக்கு முக்கால் கிலோ சீனி. நீங்கள் எவ்வளவு போட்டனீங்கள்? சீனி கூடினாலும், மா ஊற முதல் சுட்டாலும் கரையும். அரிசியை ரண்டு மூண்டு மணித்தியாலம் ஊறவிட்டு, நல்லாய் வடிச்சு, கை ஈரம் இருக்கேக்கையே இடிச்சு அரிச்சு, அந்த ஈரமாவிலைதான் சீனி கலக்கிறது. தண்ணி விடக்கூடாது. சீனி கரையக் கரைய மா தானாய் இளகும். ஒரு இரவாவது மூடி வையுங்கோ.

குழைச்சதைத் திருத்தலாம். வறுக்காத அரிசிமா ஒரு பிடி போட்டுப் பிசைஞ்சு ரண்டு மணித்தியாலம் விட்டு, ஒண்டை மட்டும் சுட்டுப் பாருங்கோ. ஓரம் நூலாய்ப் பிரிஞ்சால் இன்னொரு பிடி. கோதுமை மா போடாதேங்கோ, பிறகு சவ்வாய் இழுபடும். எண்ணெய் குளிர்ந்து கிடந்தாலும் பரவிக் கரையும். கிள்ளிப் போட்ட துண்டு அடியிலை போய் உடனை மேலை வரவேணும். பொன்னிறம் வரேக்கை தூக்கி, ரண்டு தட்டகப்பைக்கு நடுவிலை அமத்தி எண்ணெயைப் பிழியுங்கோ.

பனங்கூடல்:
ரிப் சுவிட்ச் விடுபட்டுப் போச்சு. எல்லாப் பிளக்கையும் கழட்டிப் போட்டுச் சுவிட்சைத் தூக்குங்கோ. நிண்டால் ஒண்டொண்டாய்ச் செருகுங்கோ. எதோடை விழுதோ அதிலைதான் கசிவு. முத்தத்து அலங்கார லைற் வயரிலை பனி ஈரம் ஏறினாலும் காலமையிலை விழும். வேறை ஒரு விசயமும் பாருங்கோ: 2000 வாற் கேத்தல் 230 வோல்ற்றிலை 9 அம்பியர் அளவு இழுக்கும். அதோடை 1000 வாற் அயனும் சோறு குக்கரும் சேர்ந்தால் ஒரு 13 அம்பியர் எக்ஸ்ரென்சனுக்கு மேலை போகும். அதுக்கு ரிப் விழாது, பிளக்தான் உருகும்.

சுன்னாகம் அக்கா:
முத்தத்திலை பொங்கேக்கை அடுப்புக் கல்லு மூண்டுக்கும் கீழை ஓட்டுத்துண்டு குடுங்கோ. மழை நிலத்திலை கல்லு ஒரு பக்கம் புதைஞ்சு பானை சரியும். புது மண்பானையை முதல்நாள் இரவே தண்ணியிலை ஊறப் போடுங்கோ. அரிசி அவிஞ்ச பிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி நறுக்கெண்டு நிக்கும்.