கல்லீரல் சரி, கிட்னி மட்டும் ஏன் இறங்குது?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணனுக்கு 47 வயது. ஒரே டோனரிடமிருந்து கல்லீரல், கிட்னி இரண்டும் வைத்து 14 மாதமாகிறது. 108-இல் நின்ற கிரியேட்டினின் (கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) ஆறு வாரத்தில் 156. கல்லீரல் சோதனைகளான ஏ.எல்.டி., பிலிருபின் அசையவே இல்லை. காய்ச்சல், வலி, கால் வீக்கம் கிடையாது.

முதலில் டாக்ரோலிமஸைத்தான் சந்தேகப்பட்டோம்; உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து, ரத்தத்தில் அதிகமானால் கிட்னியையே கெடுக்கும். ரத்தத்தில் அதன் அளவு 6-லிருந்து 11.8-க்கு ஏறியிருந்தது. அந்த அளவை ஏற்றிவிடும் தம்புன் பம்ளிமாஸ், தினம் நாலு சுளை உள்ளே போயிருக்கிறது! பழத்தை நிறுத்தினோம். மூன்று வாரம் கழித்து, இரவு 8 மணி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் விட்டு, காலை மாத்திரையைப் பையிலேயே வைத்துக்கொண்டு ரத்தம் கொடுத்தார்: 6.4. கிரியேட்டினின் மட்டும் 154-ஐ விட்டு இறங்கவில்லை.

வயிற்றுப்போக்கு, புது ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவும் இல்லை. ஸ்கேனில் அடைப்பு இல்லை. மாற்றிய கிட்னியைத் தாக்கும் பிகே வைரஸ் நெகட்டிவ். சிறுநீரில் புரதம் லேசாக.

ஒரே டோனரின் கல்லீரல் கிட்னியைக் காக்கும் என்பார்கள். டோனரின் உறுப்பைத் தாக்கும் ஆன்டிபாடியில் இரண்டு வகுப்பு உண்டு; முதல் வகுப்புக்கு அது பெரும்பாலும் சரி. இரண்டாம் வகுப்புக்கு அந்தக் காவலை நம்ப முடியாது. அதனால் கல்லீரல் ரிப்போர்ட் எனக்கு ஆறுதலாக இல்லை. டோனருக்கு எதிரான ஆன்டிபாடி சோதனைக்கு ரத்தம் போய்விட்டது, ரிசல்ட் வரவில்லை.

இந்த நிலையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அந்த ரிசல்ட்டுக்குக் காத்திருந்தீர்களா, உடனே கிட்னி பயாப்சிக்கு (ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) போனீர்களா?