எல்லாத்துக்கும் பாமினிதானா?

மட்டக்களப்பு, டிசைன் வேலை:
கல்யாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், நினைவு மலர், ரியூசன் பேனர், எது வந்தாலும் நம்மட ஆக்களுக்குப் பாமினிதான். அது கெட்ட எழுத்துரு எண்டு சொல்லமாட்டன். ரைப் அடிக்கிறவங்க கன பேர் அதிலதான் பழகினவங்க. பழைய போட்டோசொப்பில யூனிகோட் தமிழ், அதாவது இப்ப போன்ல அடிக்கிற முறையில, போட்டா கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும், பாமினி ஒழுங்கா விழும். இப்ப அந்தக் கரைச்சல் இல்ல, பழக்கம் மட்டும் போகல்ல.

கொஞ்ச நாளைக்கு முந்தி களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு அண்ணன், தகப்பன்ட நினைவு பேனருக்கு வந்தார். போன்ல ஒரு பேர்த்டே பேனரைக் காட்டி, அதில இருந்த தடிச்ச பொண்ட்தான் வேணுமாம். தகப்பன்ட பேரில ண, ன ரெண்டும் இருக்கு. அந்தத் தடிப்பில சுழியெல்லாம் அடைச்சு, எது ரெண்டு சுழி, எது மூணு சுழி எண்டே விளங்காது. வாயால சொல்லிப் பிரயோசனமில்ல. அதையும் நோட்டோ செரிப் தமிழ் எண்ட பொண்டையும் பிரிண்ட் எடுத்துச் சுவத்தில ஒட்டி, "வாசலுக்குப் போய் நிண்டு பாருங்கண்ணே" எண்டன். மறுகா அவரே நோட்டோவைக் காட்டினார்.

கல்முனை, ஆசிரியை:
பரிசளிப்பு மலர் தொகுக்கிறது எங்கட தலையில. பாதிக் கட்டுரை பாமினியில, மீதி யூனிகோட்டில வரும். பாமினி ஆங்கில எழுத்துகள்ற இடத்தில தமிழ் உருவத்தை வச்சிருக்கிறதால, போன்ல திறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். யூனிகோட்டுக்கு மாத்திற மென்பொருளில போட்டு எடுத்தா, இடையில கிடந்த ஆங்கிலப் பேர்களும் சேர்ந்து தமிழாகிக் கண்டபடி நிக்கும். வடிவை விடுங்க, திரும்ப எடுத்துப் பாவிக்க ஏலாத எழுத்தில ஏன் அடிக்கணும்?

அக்கரைப்பற்று:
டீச்சர் சொல்றது சரிதான். ஆனா எங்கட வாப்பாக்குப் பாமினியில அடிச்ச நோட்டீஸ்தான் வாசிக்க லேசு. கண் பழகிட்டு. அதையும் பாக்கணும்.

என்ட கவலை ஆங்கிலப் பக்கம். இங்க ஒரு நொத்தாரிசுட போர்ட் கொமிக் சான்ஸில தொங்குது! மைக்ரோசொப்டில வின்சென்ட் கொனாரே 1994ல, ஒரு கார்ட்டூன் நாய்ட பேச்சு பலூனுக்காகத் தொடங்கின எழுத்து அது. காணி உறுதி முடிக்கப் போற மனிசனுக்கு அதைப் பாத்தா நம்பிக்கை வருமா? சரி, பேனருக்கு எது நல்லம்?

மட்டக்களப்பு, டிசைன் வேலை:
கற்றமரான் எண்ட தமிழ் பொண்டைப் பாருங்க, மெலிசில இருந்து தடிப்பு வரைக்கும் 9 விதம் இருக்கு. பலூ தம்பி எண்ட பொண்ட் முன்பள்ளிக்கும் ஐஸ்கிறீம் கடைக்கும் சரி, நொத்தாரிசுக்குச் சரிவராது. மூணு மொழி போர்டெண்டா நோட்டோ சான்ஸ், சிங்களமும் தமிழும் ஒரே குடும்பத்தில இருக்கு. எல்லாம் கூகுள் பொண்ட்ஸ்ல சும்மா எடுக்கலாம். எதைப் போட்டாலும் எழுத்துக்கிடையில இடைவெளியை இழுக்காதீங்க, 'கொ' மூணு துண்டாப் போயிரும்.