வளர்ந்தவங்க இருக்குற சிறப்பு இல்லத்துல பராமரிப்பாளர் வேலை, போகலாமா?

மீனா, ஒட்டன்சத்திரம்

வணக்கம். பி.ஏ. முடிச்சிட்டு ஒரு நூல் மில் ஆபீஸ்ல இருந்தேன். மில்லுல ஷிப்ட் குறைச்சாங்க, என் வேலையும் போச்சு. இப்ப தெரிஞ்சவங்க மூலமா ஒரு இல்லத்துல கூப்பிடறாங்க. குழந்தைங்க இல்ல, எல்லாரும் பெரியவங்க. 18 வயசுல இருந்து 50 வரைக்கும் இருக்காங்களாம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் எல்லாம் கலந்து. எனக்கு பெண்கள் பகுதி. சம்பளம் 13,000, தங்குறதும் சாப்பாடும் அங்கேயே, வாரம் ஒரு நாள் லீவு.

வீட்டுல அப்பாவுக்குப் பிடிக்கல. "படிச்ச புள்ள போய் ஆய் கழுவுறதா"ங்கறார். சித்தி மட்டும் புண்ணியம்டி, போடிங்கறாங்க. எனக்கு இந்த ரெண்டு பேச்சுமே உதவல. பயிற்சி எதுவும் கிடையாது எனக்கு. அடிப்பாங்களா, கடிப்பாங்களா, வலிப்பு வந்தா என்ன செய்யணும், ஒண்ணும் தெரியாது. இந்த வேலையை நிஜமா பார்க்கறவங்க யாராவது சொல்லுங்க.

பாண்டி, ராஜபாளையம்

13,000க்கு 24 மணி நேரமும் அங்கேயே கிடக்கணும். ஜவுளிக்கடையில நின்னாலே இதைவிடக் கூட வரும். நல்லா யோசிங்க சிஸ்டர்.

செல்வி அக்கா, சாத்தூர்

பாண்டித் தம்பி சொல்றது பொய்யில்ல. காசுக்காகன்னா வேற வேலை இருக்கு. நான் கல்யாணத்துக்கு முந்தி தீப்பெட்டி ஆபீசு, அப்புறம் பட்டாசு ஆபீசு, அதுக்கப்புறம் இந்த வேலைக்கு வந்தவ. பல வருஷமா இதுலதான் இருக்கேன். புண்ணியக் கதையெல்லாம் எங்கிட்ட கிடையாது. இது கைவேலை. கத்துக்கிட்டா வரும். தங்கச்சி கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், நீளமா இருந்தா பொறுத்துக்க.

அடிப்பாங்களான்னு கேட்ட. சில பேரு அடிப்பாங்க. ஆனா சும்மா யாரும் அடிக்க மாட்டாங்க. வாய்விட்டுச் சொல்ல முடியாதவங்களுக்குக் கைதான் பேச்சு. நேத்து வரைக்கும் சமத்தா இருந்த பொண்ணு இன்னைக்குத் தட்டைத் தூக்கி எறிஞ்சா, "திமிரு கூடிப்போச்சு, மாத்திரையைக் கூட்டணும்"னு சொல்ல நாலு பேரு வருவாங்க. நீ மொதல்ல உடம்பைப் பாரு. பல்லு, காது, வயிறு, மூத்திர எரிச்சல், மாசக்கணக்கு, நகக்கண்ணு.

எங்க இல்லத்துல ஒருத்தி, பேரு வேண்டாம், ராணின்னு வச்சுக்குவோம். வயசு முப்பது தாண்டிருச்சு, பேச்சு கிடையாது. திடீர்னு சாப்பாட்டைக் கண்டாலே தட்டை முட்டுறா, ராத்திரி தூங்காம சுவத்துல தலையை இடிக்கிறா. மனநல டாக்டர்கிட்ட கூட்டிப் போறதா முடிவாகிப் போச்சு. அப்பத்தான் வந்திருந்த நர்ஸம்மா, "மலம் எப்பப் போனா"ன்னு ஒரு கேள்வி கேட்டாங்க. பகல் ஷிப்ட் "ராத்திரி போயிருப்பா"ங்குது, ராத்திரி ஷிப்ட் "பகல்ல போயிருப்பா"ங்குது. வயித்தைத் தொட்டுப் பாத்தா இடது பக்கம் கட்டியா இருக்கு. அவ சாப்பிடுற மாத்திரையே மலத்தைக் கட்டக்கூடியதுதானாம். எனிமா குடுத்து எல்லாம் வெளிய வந்த அன்னைக்கு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டுட்டு மத்தியானம் வரைக்கும் தூங்குனா. அன்னையிலருந்து எங்க கழிவறைக் கதவுல ஒரு நோட்டுத் தொங்குது. யாரு, எப்ப, இறுகலா தண்ணியா, அவ்வளவுதான். புதுசா வர்ற பிள்ளைங்க மூக்கைப் பொத்திச் சிரிக்கும். எங்க இல்லத்துல டாக்டர் வந்தா மொதல்ல கேக்குறது அந்த நோட்டைத்தான்.

அடுத்தது சோறு ஊட்டுறது. இதை லேசா நினைக்காத. மூளை முடக்குவாதம் உள்ளவங்களுக்குச் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குப் போயிருச்சுன்னா நிமோனியாவுல கொண்டு விடும். படுக்க வச்சு ஊட்டவே கூடாது. நிமித்தி உக்கார வச்சு, நீயும் அவங்க கண்ணு மட்டத்துக்கு உக்காரு. நின்னுக்கிட்டு மேல இருந்து ஊட்டினா அவங்க அண்ணாந்து பாப்பாங்க, அண்ணாந்தா புரை ஏறும். தாடை கொஞ்சம் கீழ இறங்குன மாதிரி இருக்கணும். சின்னக் கரண்டி, பாதி கரண்டி. முழுங்குனாங்களான்னு தொண்டையைப் பாத்துட்டுத்தான் அடுத்த வாய்.

ரசஞ்சோறுதான் பெரிய எமன். தண்ணி முன்னாடி ஓடிரும், பருக்கை வாயில நிக்கும், ரெண்டும் ரெண்டு வேகம். குழையப் பிசைஞ்ச தயிர்சோறு, கேப்பைக் கூழு, பருப்புக் கடைசல் இதெல்லாம் சேந்தாப்புல இறங்கும். எல்லாரும் இருமிக் காட்ட மாட்டாங்க. சில பேருக்குக் கண்ணுல தண்ணி கட்டும், சாப்பிட்ட பிறகு குரல் கொளகொளன்னு ஈரமா கேக்கும், அதுதான் அடையாளம். சாப்பிட்டு அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கணும். உடனே படுக்கப் போடாத.

இங்க ஒரு வயித்தெரிச்சலையும் சொல்லிக்கிறேன். பொறந்தநாளு, கல்யாணநாளுன்னு அன்னதானம் பண்ண வர்றவங்க. மனசு நல்லதுதான், இல்லங்கல. ஆனா முழுங்கத் தெரியாதவங்க வாயில லட்டைத் திணிச்சு போட்டோ எடுப்பாங்க. நாப்பத்தஞ்சு வயசு பொம்பளையை "நிலா நிலா ஓடி வா" பாடச் சொல்லிக் கைதட்டுவாங்க. அந்தம்மா எங்க அடுப்படியில மூணு கிலோ வெங்காயம் உரிக்கிற ஆளு. வந்தவங்களுக்கு நேரா ஒண்ணும் சொல்ல முடியாது, அரிசி மூட்டை அவங்க குடுத்தது. இனிப்பைக் கையில வாங்கி, "சாயங்காலம் பகிர்ந்து குடுக்குறோம்"னு உள்ள வச்சிருவேன்.

வலிப்பு: பதறாத. ஒருக்களிச்சுப் படுக்க வை, தலைக்குக் கீழ துணி ஏதாவது வை, பக்கத்துல இருக்குற நாற்காலி மேசையைத் தள்ளு, கடிகாரத்தைப் பாரு. வாயில கரண்டி, விரலு எதையும் வைக்காத. தண்ணி ஊத்தாத. சாவியைக் கையில குடுக்குறதெல்லாம் ஒண்ணுக்கும் ஆகாது. அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, ஒண்ணு முடிஞ்சு தெளியுறதுக்குள்ள அடுத்தது வந்தாலோ 108. சில பேருக்கு மூக்குல அடிக்கிற ஸ்பிரே டாக்டர் எழுதிக் குடுத்திருப்பாரு, அது எங்க இருக்குன்னு சேர்ந்த அன்னைக்கே கேட்டு வச்சுக்க. வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. தீரப் போகுதுன்னா முன்கூட்டியே வாங்கணும், இது நீயே கண்காணிக்க வேண்டிய விஷயம். எப்டாயின்ங்கற வலிப்பு மாத்திரை சாப்பிடுற சில பேருக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடும், அவங்களுக்குப் பல்லு விளக்கிவிடுறதுல கூடுதல் கவனம்.

கடி, முடி. முடியைப் பிடிச்சா நீ பின்னால இழுக்காத. அவங்க கை மேல உன் கையை வச்சு உன் தலையோட சேத்து அமுக்கு, பிடி தானா தளரும். கடிச்சாலும் வெடுக்குனு இழுத்தா சதைதான் கிழியும். வேலை நேரத்துல தொங்கட்டான், நீளச் செயின் வேண்டாம். கொண்டை போட்டுக்க.

உங்கப்பா சொன்னதுக்கு: ஆய் கழுவுறது உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனா ஒரு நாளுல அது எத்தனை நிமிஷம்? மிச்ச நேரமெல்லாம் அவங்க கைவேலையை அவங்களே செய்ய வைக்கிறதுதான். நைட்டி போட்டுக்கத் தெரியாதவளுக்கு, நீ தலை வழியா போட்டு ஒரு கையையும் நுழைச்சிரு, கடைசிக் கையை மட்டும் அவளை நுழைக்க விடு. அது பழகினதும் ரெண்டு கையும். அப்புறம் தலை. கடைசியில இருந்து முன்னாடி போகணும், அப்பத்தான் ஒவ்வொரு தடவையும் அவ முடிச்சதா இருக்கும். ஒரு பக்கம் இழுத்துக்கிட்ட கை இருந்தா, போடும்போது அந்தக் கைக்கு முதல்ல, கழட்டும்போது அந்தக் கைக்குக் கடைசியா. இதெல்லாம் பி.ஏ.வுல சொல்லித் தர மாட்டாங்க.

கீதா, கும்பகோணம்

நான் வேலை பார்க்கிறவள் இல்லை, அம்மா. என் பையனுக்கு 31 வயது, டவுன் சிண்ட்ரோம். பகல் நேரப் பயிற்சி மையத்துக்குப் போய் வருகிறான். செல்வி சொன்ன "உடம்பைப் பார்" என்பதற்கு நானும் சாட்சி. இரண்டு வருஷம் முன்னால் எதிலும் ஆர்வமில்லாமல் உட்கார்ந்தே இருந்தான், சோம்பேறி ஆகிவிட்டான் என்று மையத்தில் சொன்னார்கள். பரிசோதித்தால் தைராய்டு. டவுன் உள்ளவர்களுக்கு அது சகஜம், வருஷம் ஒரு முறை பார்க்க வேண்டும். நாற்பதுக்கு மேல் மறதி நோயும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரலாம். கூடவே இருக்கிற பராமரிப்பாளர்தான் அந்த மாற்றத்தை முதலில் கவனிப்பார்.

காகித விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள் மீனா, குடும்பங்கள் உங்களிடம் கேட்பார்கள். 18 முடிந்துவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் தானாகச் சட்டக் காப்பாளர் ஆகிவிட மாட்டோம். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சான்று வாங்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவு திரும்பக் கிடைக்கும். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 2,000 ஆனது. ரயிலில் குறைபாடு உள்ளவருக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் சலுகை உண்டு.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேலையை விடுவதாக இருந்தால் சொல்லிவிட்டு விடுங்கள். எங்களிடம் மட்டும் இல்லை, அவர்களிடமும். என் பையனுக்குப் பிடித்த அக்கா ஒருத்தி லீவில் போனவள் வரவேயில்லை. இன்றைக்கும் வேன் ஏறும்போது அவள் பெயரைச் சொல்லிக் கேட்கிறான்.

அருள், முட்டுக்காடு

நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில முட்டுக்காட்டுல இருக்கிற தேசிய நிறுவனத்துல சிறப்புக் கல்வி படிக்கிறேன். பல்வகை மாற்றுத்திறன் உள்ளவங்களுக்கான மத்திய அரசு நிறுவனம், 2005ல தொடங்கினது. பராமரிப்பாளர் வேலைக்குன்னே இந்திய மறுவாழ்வு கவுன்சில் சான்றிதழ்ப் படிப்பு வச்சிருக்கு. தேசிய அறக்கட்டளையில சஹ்யோகின்னு ஒரு பயிற்சித் திட்டமும் இருக்கு. மீனா, வேலையில சேர்ந்த பிறகு இல்லத்து மூலமா கேட்டுப் பாருங்க. சான்றிதழ் இருந்தா சிறப்புப் பள்ளிக்கோ வேற ஊருக்கோ மாறுறது சுலபம். அக்கா சொன்ன அந்த நைட்டி விஷயத்தை எங்களுக்கு ஒரு பாடமாவே நடத்துறாங்க.

மீனா, ஒட்டன்சத்திரம்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்க எழுதினதை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ரசஞ்சோறு வந்ததும் "அட, ஆமால்ல"ன்னார், எங்க பாட்டி கடைசிக் காலத்துல அப்படித்தான் புரை ஏறி அவஸ்தைப்பட்டாங்க. வியாழக்கிழமை இல்லத்தைப் பார்க்கக் கூட வர்றேன்னிருக்கார். ரெண்டு கேள்வி: மாதவிடாய் நேரத்துல எப்படிச் சமாளிக்கிறீங்க? போய்ப் பார்க்கும்போது எதை எதைக் கவனிக்கணும்?

செல்வி அக்கா, சாத்தூர்

உங்கப்பா வரட்டும், நல்லது. மத்தியானச் சாப்பாட்டு நேரமா பாத்துப் போங்க.

மாசக்கணக்குக்கு சுவத்துல காலண்டர் வச்சு ஆளுக்கொரு வண்ணம் போட்டு வச்சிருக்கோம். சில பேருக்கு அதுக்கு முந்தின மூணு நாளு எரிச்சலும் அழுகையும் இருக்கும், வலிப்பு உள்ளவங்களுக்கு வலிப்பும் கூடலாம். பேடு பழக்குறது வராத நாளுல ஆரம்பிக்கணும். எங்க வைக்கணும்னு புரிய உள்ளாடையில மார்க்கர்ல கோடு போட்டுக் குடு, கோட்டுக்கு மேல வச்சு ஒட்டுறதைப் பாதிப் பேரு தானாவே கத்துக்கிடுவாங்க. பிச்சு எறியுறவங்களுக்குப் பிளாஸ்டிக் உறுத்துதான்னு பாரு, துணி பேடு ஒத்துக்கிடும்.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு"ன்னு உங்கிட்ட யாராவது சொல்லுவாங்க, சொந்தக்காரங்களே சொல்லுவாங்க. 1994ல மகாராஷ்டிராவுல ஷிரூர் அரசு இல்லத்துப் பொண்ணுங்களுக்கு அப்படித்தான் புனேயில வச்சு எடுத்தாங்க, நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்புச்சு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல, அவங்க தெரிஞ்சு சம்மதிக்காம புள்ளை பெற முடியாம ஆக்குற சிகிச்சை எதுவும் செய்யக்கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. நீ வாக்குவாதம் பண்ண வேண்டாம், இந்தச் சட்டத்தை மட்டும் சொல்லிட்டு மேடத்துகிட்ட அனுப்பிரு.

போய்ப் பாக்கும்போது தரை பளபளன்னு இருக்கான்னு பாக்காத, ஆளு வர்றாங்கன்னா யாரும் துடைச்சு வைப்பாங்க. குளியலறைக்குக் கதவு இருக்கா, இருந்தா சாத்துறாங்களா? ஆளாளுக்குத் தனித்தனியா சொந்தத் துணி இருக்கா, இல்ல பொது மூட்டையில இருந்து எடுத்துப் போட்டு விடுறாங்களா? எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டின தலையா இருந்தா ஏன்னு கேளு. கட்டி வைக்கிறது, ரூமுல போட்டுப் பூட்டுறது எதாவது கண்ணுல பட்டா அந்தப் பக்கமே போகாத. சாப்பாடு ஊட்டும்போது பேசிக்கிட்டே ஊட்டுறாங்களா, போன் பாத்துக்கிட்டே ஊட்டுறாங்களான்னு கவனி. தூக்கி மாத்துறதுக்கு ரெண்டு பேரு சேந்து தூக்குறாங்களான்னும் பாரு, ஒத்தையா தூக்கித்தான் எனக்கு இடுப்பு இப்ப இந்த லட்சணத்துல இருக்கு.

ராத்திரிக்கு எத்தனை பேரு வேலையிலன்னு கேளு. ஒரே ஆளுன்னா, வலிப்பு வந்தா யாரு கூட ஓடி வருவான்னு அடுத்த கேள்வி கேளு. பதில் வராட்டி யோசி. பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா, லீவு நாளுல நிஜமாவே வெளிய விடுறாங்களான்னு அங்க வேலை பாக்குற பிள்ளைங்ககிட்டத் தனியா கேளு, ஆபீஸ் ரூமுல வச்சுக் கேக்காத. சம்பளத்தை எழுத்துல வாங்கு. ஒரிஜினல் சர்டிபிகேட்டு கேட்டா குடுத்துறாத, ஜெராக்ஸ் போதும்.