நீல ஓஎல்இடி-க்கு ஏற்ற ஹோஸ்ட் பொருள்: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஃபிர்பிக் என்னும் இரிடியம் சேர்மத்தை ஒளியுமிழியாகக் கொண்ட நீல ஓஎல்இடி (கரிம ஒளியுமிழ் டையோடு) ஒன்றின் செயல்திறனை உயர்த்த முயன்று வருகிறேன். உமிழியைத் தன்னுள் தாங்கும் ஹோஸ்ட் பொருளைத் தேர்வதில் உங்கள் வழிகாட்டுதல் தேவைப்படுகிறது.

வழக்கமான ஹோஸ்டான சிபிபி-யின் மும்மை ஆற்றல் (கிளர்வுற்ற மும்மை நிலையின் ஆற்றல்) ஏறத்தாழ 2.56 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. ஃபிர்பிக்கின் ஆற்றலோ 2.6-க்கு மேல். ஆகவே ஆற்றலில் ஒரு பகுதி உமிழியிலிருந்து ஹோஸ்டுக்கே திரும்பிக் கசிந்து, ஒளியாகாமல் வீணாகிறது. ஏறத்தாழ 2.9 மும்மை ஆற்றல் கொண்ட எம்சிபி என்னும் மற்றொரு ஹோஸ்ட் இந்தக் கசிவைத் தடுக்கிறது என்றாலும், அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (கண்ணாடி போன்ற படலம் இளகத் தொடங்கும் வெப்பநிலை) குறைவு என்பதால், படலம் சற்றுச் சூடானாலே படிகமாகி, நுண்ணோக்கியில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. மேலும், அது துளைகளையே (நேர்மின் சுமைகளையே) எளிதில் கடத்துவதால், எக்சிட்டான்கள் (கிளர்வுற்ற எலக்ட்ரான்–துளை இணைகள்) எலக்ட்ரான் கடத்து அடுக்கை ஒட்டிய மெல்லிய பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று அழிக்கின்றன. மின்னோட்டத்தைக் கூட்டியதும் செயல்திறன் சரிவதற்கு இதுவே முதற்காரணம் எனக் கருதுகிறேன்.

எனவே எம்சிபி-யுடன் எலக்ட்ரான் கடத்தும் பொருள் ஒன்றையும் சேர்த்துக் கலப்பு ஹோஸ்டாக்க எண்ணுகிறேன். அத்தகைய பொருளான டிபிஇபிஓ-வின் மும்மை ஆற்றல் போதுமானதுதான். ஆனால் அதிலுள்ள கார்பன்–பாஸ்பரஸ் பிணைப்புகள் எளிதில் முறிவதால் சாதனத்தின் ஆயுள் குறைந்துவிடும். ஆயுளைப் பாதிக்காத மாற்றுப் பொருளை யாரேனும் கையாண்டிருந்தால், கலவை விகிதத்தையும் ஆவிப்படிவு வேகத்தையும் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.