ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர் கோர்டன் ஸ்மித் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சொன்ன கதைகள்: உங்களிடம் இருப்பதையும் எழுதுங்கள்

லீத், எடின்பரோவிலிருந்து:

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். மறதி நோய் வந்தவர்களுக்குப் பழைய கால்பந்துப் படங்களைக் காட்டிப் பேச வைப்பது ஸ்காட்லாந்தில் பல இடங்களில் நடக்கிறது. எங்கள் இல்லத்துப் பெரியவர் ஒருவருக்குக் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. ஆனால் பச்சைச் சட்டை போட்ட ஐந்து பேர் படத்தைக் கையில் கொடுத்தால், விரலை வைத்துக் கடகடவென்று சொல்வார்: ஸ்மித், ஜான்ஸ்டன், ரெய்லி, டர்ன்புல், ஆர்மண்ட். எடின்பரோவின் ஹிப்ஸ் (ஹிபர்னியன்) அணியில் கோல் போடும் புகழ்பெற்ற முன்வரிசை. ஐந்து பேருமே ஹிப்ஸுக்காக லீக் ஆட்டங்களில் தலா நூறு கோலுக்கு மேல் போட்டவர்கள். சொல்லி முடித்ததும் விரல் திரும்ப ஸ்மித்திடம் வந்துவிடும்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது டிக்கெட்டுக்குக் காசு கிடையாதாம். வாசலில் நின்று, வருகிற பெரியவர்களிடம் "தூக்கி விடுங்க சார்" என்று கேட்பார்களாம். யாராவது இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுழல்கம்பிக்கு அந்தப் பக்கம் இறக்கி விடுவார். வாசல்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். 1950 ஜனவரி 2, இதே ஊரின் போட்டி அணியான ஹார்ட்ஸுடன் ஆட்டம். ஹிப்ஸின் ஈஸ்டர் ரோடு மைதானத்தில் 65,860 பேர். இன்றைக்கு அங்கே இருப்பது சுமார் இருபதாயிரம் இருக்கைதான். அந்தக் கூட்டத்தில் பையன்களைத் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி முன்வரிசைக்கு அனுப்பினார்களாம். ஸ்மித் வலது ஓரத்தில் ஓடுகிறவர், அதனால் அந்த ஓரத்தில் போய் விழுவதற்குத்தான் எல்லாப் பையன்களுக்கும் ஆசை. "பந்து அவர் காலுக்கு வந்தால் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சை நிறுத்திவிடுவான்" என்றார். அன்றைக்கு ஹிப்ஸ் 2–1 என்று தோற்றது. அதைப் பெரியவர் சொல்லவில்லை, நான் தேடிப் படித்தேன்.

வேடிக்கை என்னவென்றால் ஸ்மித் சின்ன வயதில் ஹார்ட்ஸ் ரசிகர். பிறந்தது எடின்பரோ, வளர்ந்தது வடக்கே மான்ட்ரோஸில். ஹார்ட்ஸ் எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு இருந்தது. ஹிப்ஸ் மேலாளர் வில்லி மெக்கார்ட்னி முந்திக்கொண்டார். அவரே முன்னாள் ஹார்ட்ஸ் மேலாளர்தான். 1941 ஏப்ரல் 28, பதினேழு கூட ஆகவில்லை, முதல் ஆட்டமே ஹார்ட்ஸை எதிர்த்து, அவர்களுடைய டைன்காசில் மைதானத்தில். மூன்று கோல் போட்டார். ஹிப்ஸ் 5–3 என்று ஜெயித்தது. அதற்கப்புறம் பதினெட்டு வருடம் ஹிப்ஸ். 1948, 1951, 1952 என்று மூன்று லீக் பட்டங்கள். 1953ல் ரேஞ்சர்ஸோடு சமப் புள்ளி, கோல் கணக்கில் கைவிட்டுப் போனது. 1952ல் அவருக்கு மரியாதையாக நடத்திய ஆட்டத்துக்கு இங்கிலாந்து சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட் வந்து 7–3 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போனது. பெரியவர் அந்த ஸ்கோரை மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்வார்.

1959ஐப் பற்றிக் கேட்டால் வாய் திறக்க மாட்டார். வேறு யாருக்காவது அந்தக் கதை கிடைத்ததா?

கார்ஜி, எடின்பரோவிலிருந்து:

அக்கா, எனக்குக் கிடைத்தது! நான் இருப்பது ஹார்ட்ஸ் பக்கம். கீழ்வீட்டுத் தாத்தா ஒருவர் அந்த 1959ஐத்தான் விடாமல் சொல்வார்.

ஸ்மித்துக்குக் கணுக்கால் போய்விட்டது, வயது 35, இனிமேல் ஆட முடியாது என்று ஹிப்ஸ் முடிவு கட்டிவிட்டது. விலை எதுவும் கேட்காமல் கழட்டி விட்டார்கள். அவர் தன் கைக்காசைப் போட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சின்ன வயதில் ஆசைப்பட்ட ஹார்ட்ஸுக்கே வந்து சேர்ந்தார். வந்த முதல் சீசனிலேயே லீக் கோப்பை, லீக் பட்டம் இரண்டும். பதினெட்டு வருடம் எங்களை அழ வைத்த மனுஷன் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததும் தாத்தாவின் அப்பா முதல் ஆட்டத்தில் கை தட்டவில்லையாம், இரண்டாவது ஆட்டத்தில் தட்டினாராம். என் கணிப்பில், ஹிப்ஸ் செய்தது வெறும் அவசரம் இல்லை, நன்றிகெட்ட வேலை.

டண்டியிலிருந்து:

இங்கே படிக்க வந்த புதிதில், பக்கத்து வீட்டில் சணல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா இருந்தார். தமிழர் என்றதும் கிரிக்கெட் பேசுவார் என்று நினைத்தேன். "1962ல் நாங்கள் சாம்பியன், தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

ஹார்ட்ஸும் விட்ட பிறகு டண்டி மேலாளர் பாப் ஷாங்க்லி ஸ்மித்தைக் கூப்பிட்டார். லிவர்பூல் அணியின் பெயர்பெற்ற மேலாளர் பில் ஷாங்க்லியின் அண்ணன். ஸ்மித்துக்கு அப்போது 37. சுற்றிலும் கில்சியன், பென்மன், இயன் யூர் என்று எல்லாம் இளவட்டங்கள். தாத்தா சொல்வது: வலது ஓரத்தில் கிழவர் ஓடவே மாட்டார், நடப்பார், ஆனால் அவர் அடிக்கும் பந்து கில்சியன் தலையைத் தேடிப் போகும். 1962 ஏப்ரல் 28, பெர்த் நகரில் முயர்டன் பார்க். டண்டியிலிருந்து ஊரே கிளம்பிப் போனதாம். செயின்ட் ஜான்ஸ்டனை 3–0 என்று ஜெயித்துப் பட்டம். அதே தோல்வியில் செயின்ட் ஜான்ஸ்டன் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிப் போனது. தேதியைக் கவனியுங்கள், அவர் ஹிப்ஸுக்கு முதல் ஆட்டம் ஆடிய அதே ஏப்ரல் 28, இருபத்தோரு வருடம் கழித்து. டண்டி லீக் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனியின் கொலோன் அணியை எங்கள் டென்ஸ் பார்க் மைதானத்தில் 8–1 என்று ஜெயித்தார்கள். ஸ்மித்தும் ஒரு கோல். அங்கிருந்து அரையிறுதி வரை போய் மிலானிடம் அடி வாங்கித் திரும்பினார்கள், சான் சிரோவில் 5–1. அந்த வருடம் மிலான்தான் கோப்பையையும் தூக்கியது.

கிளாஸ்கோவிலிருந்து:

ஒரு சந்தேகம். எங்கள் ஊர்ப் பெரிய கிளப்புகள் ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் இல்லாமல் ஒரே ஆள் மூன்று கிளப்புகளோடு லீக் ஜெயிப்பதா? எங்கள் ஆபீஸில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

லீத், எடின்பரோவிலிருந்து:

சிரிக்கட்டும் தம்பி. இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். 1985ல் அபர்டீன் ஜெயித்ததற்கு அப்புறம் நாற்பது வருடம் பட்டம் அந்த இரண்டு பேர் கையைத் தாண்டவில்லை. ஸ்மித் காலத்திலும் அதை ஒட்டியும் அபர்டீன் 1955, ஹார்ட்ஸ் 1958, கில்மார்நாக் 1965 என்று ஆளுக்கொரு வருடம் எடுத்தார்கள். மூன்று கிளப், ஐந்து பட்டம். மூன்றோடும் ஐரோப்பியக் கோப்பையும் ஆடியிருக்கிறார். அந்தக் கோப்பை ஆரம்பித்த 1955ல் இங்கிலாந்தின் செல்சி வரமாட்டேன் என்று ஒதுங்கியதால், அதில் ஆடிய முதல் பிரிட்டிஷ் அணியே ஹிப்ஸ்தான். அந்த வருடமே அரையிறுதி, பிரான்சின் ரெய்ம்ஸ் அணியிடம் தோல்வி. ஸ்காட்டிஷ் கோப்பை மட்டும் அவருக்கு எந்தச் சட்டையிலும் வாய்க்கவில்லை.

ஸ்காட்லாந்துக்கு 18 ஆட்டம்தான் கிடைத்தது என்பது இங்கே பலருக்கு இன்னமும் ஆறாத கோபம். 1955ல் வியன்னாவில் ஆஸ்திரியாவை 4–1 என்று ஜெயித்த சுற்றுப்பயணத்தில் அவர்தான் கேப்டன்.

டண்டிக்குப் பிறகு கொஞ்ச நாள் மார்ட்டன் அணி, அப்புறம் டப்ளினில் டிரம்காண்ட்ரா, 1964ல் ஓய்வு. டப்ளினில் இருக்கிற நம் ஆட்கள் யாராவது பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள். அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.