புதுப்பிப்பு: அக்காவுக்கு வேலை உறுதியாகிவிட்டது
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மாலை டியூஷன் மையத்துக்கு ஏழு வருடமாகச் சம்பளமில்லாமல் வரும் அக்காவைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அவரை முழுநேர ஊழியராக்கப் பணம் கிடைக்குமா என்ற கவலை அப்போது இருந்தது. கிடைத்துவிட்டது! மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), அதாவது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம். அதோடு சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, ஊழியர் சேமநிதி. சேமநிதியில் மையத்தின் பங்கு 13 விழுக்காடு. அவர் உழைப்புக்கு இது குறைவுதான் என்பேன்.

கடிதத்தை நீட்டியபோது அக்கா மோட்டாரை விட்டு இறங்கக்கூட இல்லை. விரலில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். நிதானமாகப் படித்தார். “சரி, அந்தப் பையன் இன்னிக்காவது வந்தானா?” என்றார். மூன்று நாளாக வராத நான்காம் ஆண்டு மாணவன். அப்புறம் அவன் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கே (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கே) போய் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அன்று வாழ்த்தியவர்களுக்கு நன்றி. ஒவ்வொன்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன்.